தார்ப்பாய்க்குள் ஒரு கரடி

டன்னக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவர்கள் லாரிக்காரர்கள். நகரத்துக்குள் நுழைகிற பாதையில் ஒரு எடைமேடை இருக்கிறது. அதன் கண்ணாடி அறைக்குள் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். குள்ளம், நல்ல கனம், வாய் அதைவிடக் கனம். லாரி பாரத்தோடு ஒரு தடவை ஏறி நிற்கும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக இன்னொரு தடவை ஏறும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் சரக்கின் எடை. தனக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான் என்பாள். அதற்கு மேல் கணக்கு தெரிந்தவர்கள் என்ன கிழித்துவிட்டார்கள் என்றும் கேட்பாள்.

தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லி அவள் எந்த வண்டியையும் பார்த்தது கிடையாது. வண்டி ஏறி நின்றதும் எதிரே ஓடுகிற எண்ணைப் பார்ப்பாள். சிமெண்ட் மூட்டை என்றால் எண் சட்டென்று நிற்கும். தண்ணீர் வண்டி என்றால் கொஞ்ச நேரம் ஊஞ்சலாடிவிட்டு நிற்கும். உயிருள்ள பாரம் என்றால் நிற்கவே நிற்காது. ஒரு டிரைவர் காய்கறி என்று சீட்டில் எழுதிக்கொண்டு வந்தபோது மைக்கில் கேட்டாள்:

"ஏன்யா, உன் கத்தரிக்கா எப்போலேர்ந்து கால் மாத்தி நிக்க ஆரம்பிச்சுது?"

உள்ளே பதினொரு ஆடு இருந்தது.

புருஷன் போய் ஒன்பது வருஷம். நல்ல மனுஷன். செத்துப்போனதால் சொல்கிற பேச்சு இல்லை, இருக்கும்போதும் வாரத்தில் நாலு நாளாவது நல்லவனாகத்தான் இருந்தான். அவன் விட்டுப்போனது மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு, ஒரு பழைய சைக்கிள், ஒரு தங்கச்சி.

அந்தத் தங்கச்சி, அதாவது டன்னக்காவின் நாத்தனார், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வீட்டிலேயே மிஷின் போட்டுச் சட்டைக் காலர் தைப்பாள். அண்ணன் போனதிலிருந்து அவள் வாசலைத் தாண்டுவது குறைந்துகொண்டே வந்தது. முதலில் கடைக்குப் போவது நின்றது, பிறகு மாடிப்படி இறங்குவது நின்றது, கடைசியில் துணி உலர்த்த பால்கனிக்குப் போவதும் நின்றது. கம்பெனி ஆள் காலர் மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தைத்ததை எடுத்துப்போவான். அவனிடம்கூடக் கதவை ஒரு சாண் திறந்துதான் பேசுவாள். டன்னக்கா திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தும் பார்த்தாள். பட்டினி கிடந்ததில் இவளுக்குத்தான் வயிற்றுவலி வந்தது.

ஆறாம் வருஷம் நாத்தனாருக்குக் கடைவாய்ப்பல் வீங்கிக் கன்னம் பன் மாதிரி ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் டன்னக்கா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனைப் பல் டாக்டரிடம் போனாள். காத்திருக்கிற அறையில் ஒரு மேசை. அதன் மேல் கையால் வரைந்த ஒரு மலைநாட்டு வரைபடம், விரல் உயரத்துக்குச் சின்னச் சின்ன பொம்மைகள், இருபது முகம் உள்ள ஒரு பகடை. ஞாயிற்றுக்கிழமை ஆடியதை டாக்டர் எடுத்துவைக்க மறந்திருந்தார். மாதக்கணக்காக யாரையும் நிமிர்ந்து பார்க்காத நாத்தனார், வீங்கின கன்னத்தோடு டாக்டரைக் கேட்டாள்:

"இது என்னங்க?"

டன்னக்காவுக்கு உயிர் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆட்டம் என்னவென்றால், டாக்டர் ஒரு கதை சொல்வார். மற்றவர்களுக்கு அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஓர் ஆள். "எதிரே ஒரு கோட்டை, நீங்க என்ன செய்றீங்க?" என்று கேட்பார். செய்வதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். எண் பெரிதாக விழுந்தால் நடந்தது, சின்னதாக விழுந்தால் நடக்கவில்லை. மேசையில் ஏற்கெனவே ஒரு பஸ் டிரைவர் இருந்தார். அவர் குரலுக்காக அவரை எல்லோரும் ஹாரன் என்பார்கள். ஹாரனின் ஆள் வில் வைத்திருப்பவன். நாத்தனார் ஒரு வாள்காரியை எடுத்துக்கொண்டாள். வீட்டில் பால்கனிக்குப் போகாதவள் அங்கே மதில் ஏறிக் குதித்தாள். மிச்சமிருந்தது மிருகமாக மாறுகிறவள். டன்னக்கா அதை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அதில் எந்த ஆசையும் இல்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்களே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இவள் எழுந்தால் நாத்தனாரும் எழுந்துவிடுவாள். மூன்று வருஷமாக எழவில்லை.

மிருகமாக மாறுவதற்கு டாக்டர் தனியாக ஒரு நோட்டில் சட்டம் எழுதி வைத்திருந்தார். முன்பு ஒருவன் வந்த முதல் நாளே யானையாகி, டாக்டர் ஒரு மாதம் யோசித்து வைத்திருந்த அரண்மனையை அரைமணியில் மிதித்துத் தள்ளிவிட்டானாம். அந்த எரிச்சலில் எழுதியது. மிருகங்களைப் பலத்தின்படி ஏணி மாதிரி அடுக்கியிருந்தார். எலி முதல் படி, நீர்நாய் இரண்டு, ஓநாய் மூன்று, காட்டுப்பன்றி நான்கு, கரடி ஐந்து. உன் படி எதுவோ அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம். டன்னக்கா இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டாள். மேலே ஏற அவள் முயன்றதும் இல்லை.

"அக்கா, ஊர்ல டன் டன்னா அளக்குறீங்க. இங்க வந்து நீர்நாயா?" என்பார் ஹாரன்.

"உன் வில்லுக்காரன் போன வாரம் காலணி வார்ல தடுக்கி விழுந்தானே, அவனத் தண்ணியிலேர்ந்து இழுத்தது யாரு? உங்க டிப்போவா?"

இப்படியே போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விபரீதம் வந்தது. வாள்காரி ஒரு கோட்டையின் நிலவறைக்குள் மாட்டிக்கொண்டாள். இரும்புக் கதவு மூடிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. கதவை வெளியிலிருந்து உடைக்கப் பகடையில் பதினெட்டு வேண்டும். நீர்நாயின் பலம் அதற்கு ஒன்றுமே சேர்க்காது. மணி ஆகிவிட்டது, மிச்சம் அடுத்த வாரம் என்று டாக்டர் நோட்டை மூடினார்.

வீட்டுக்கு நடக்கும்போது நாத்தனார் சொன்னாள்:

"அவ செத்துட்டா நான் இனிமே வரல அண்ணி."

"இன்னொருத்திய எடுத்துக்கோயேன். டாக்டர் தர மாட்டேன்னா சொல்லப் போறாரு?"

"இன்னொருத்திய முதல்லேர்ந்து உண்டாக்க எனக்குத் தெம்பில்ல. நீ மட்டும் போயிட்டு வா."

திங்கட்கிழமை காலர் மூட்டை வந்தபோது கதவு ஒரு சாண்கூடத் திறக்கவில்லை. வெளியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டாள். வேலை முடிந்து வந்த டன்னக்கா மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை. டன்னக்கா திட்டவில்லை என்றால் ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பல் டாக்டரிடம் போனாள். கடைவாயில் வலி என்று சொன்னாள். வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டர் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, வாயில் கண்ணாடியையும் எச்சில் உறிஞ்சுகிற குழாயையும் விட்டார்.

"பல்லு இரும்பு மாதிரி இருக்கு. எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். கரடியாகணும், அதானே?"

"ஆங்."

"நோட்டுல இருக்கறத மாத்த மாட்டேன். உங்களுக்கு மாத்தினா நாளைக்கு ஹாரன் டைனோசர் கேப்பாரு."

"ங்ங்... ஆ..."

"பொறுங்க, சொல்றேன். உங்க படிக்கு மேல போகலாம். தடையில்ல. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, அந்த மிருகத்தோட நீங்க கதைக்குள்ள பழகியிருக்கணும். முன்னப்பின்ன தெரியாத மிருகமா மாற முடியாது. ரெண்டாவது, மேல தாண்டுற ஒவ்வொரு படிக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை மிருகமாவே இருக்கணும். நீர்நாயிலேர்ந்து கரடிக்கு மூணு படி. மூணு ஞாயிறு. மிருகம் பேசாது. அதனால நீங்களும் மேசையில ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா உள்ள இருக்கற மனுஷி மறைஞ்சுடுவா, கரடி காட்டுக்குப் போயிடும், உங்க ஆள் அதோட சரி."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டன்னக்கா மூன்று நிமிஷம் பேசாமல் இருந்து அவர் பார்த்தது இந்த நாற்காலியில் மட்டும்தான்.

குழாயை எடுத்ததும் அவள் கேட்டாள்:

"கரடி இதுவரைக்கும் நம்ம கதையில வந்திருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. வராத மிருகத்துக்கு நான் என்ன செய்ய? போய் வாயக் கொப்பளிங்க."

எடைமேடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வண்டிகள் ஏறின, இறங்கின. நான்கு மணிக்கு மாட்டு வண்டி ஒன்று, அதாவது மாடு ஏற்றின லாரி, மேலே வந்து நின்றது. எண் நடுங்கிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று மேசையில் ஓங்கித் தட்டினாள். கண்ணாடிக்கு வெளியே டிரைவர் பயந்து கையைத் தூக்கிவிட்டான்.

ஆட்டத்தில் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதை அவள் வீணாய்ப்போன எடைச் சீட்டுகளின் பின்பக்கம் கிறுக்கி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். அன்றைக்குச் சாயங்காலம் டப்பாவைத் தரையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"என்ன அண்ணி தேடுற?"

"உன் உயிர. தைக்கிற வேலையப் பாரு."

மூன்று நாள் தேடினாள். எழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்ததால் அவளாலேயே படிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் புறப்பட மறுத்தாள். டன்னக்கா அவளுடைய செருப்பை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியின் கீழே வைத்துவிட்டு, மேலே ஏறிவந்து மூச்சு வாங்கச் சொன்னாள்:

"செத்தா அவ உன் கண் முன்னாலதானே சாகணும்? நீயில்லாம எப்படிச் சாவா? வா."

மேசையில் டாக்டர் நோட்டைத் திறந்தார். தண்ணீர் வாள்காரியின் இடுப்பில். டன்னக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் கரடியா மாறப் போறேன்."

"அக்கா, பழகின மிருகமாத்தானே மாறலாம்? நாம கரடியப் பார்த்ததே இல்ல," என்றார் ஹாரன்.

"பார்க்கலதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு கூண்டை ஆத்துல தெப்பத்துல கடத்திக் கொடுத்தோமே, ஞாபகமிருக்கா? துணி போட்டு மூடியிருந்துது. துணியத் தூக்கினா வேலை போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. நீ தூக்கப் போன, நான் உன் கையில அடிச்சேன்."

"அடிச்சீங்க. நிஜக் கையிலயே அடிச்சீங்க."

"உள்ள என்ன இருந்துதுன்னு டாக்டர் கடைசி வரைக்கும் சொல்லல. நாமளும் கேக்கல. அதுக்குள்ள இருந்தது கரடி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அது என்னன்னு எனக்கே மறந்துபோச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டன்னக்கா எடைச் சீட்டை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"தெப்பம் தாங்குமான்னு அன்னிக்கு உங்களப் பிடுங்கி எடுத்தேன். தெப்பம் ஒரு விரல் முங்கினா நூறு கிலோன்னு நீங்கதான் சொன்னீங்க. போகும்போது நாலரை விரல் முங்கிச்சு. வெறுங்கூண்ட ஏத்திக்கிட்டுத் திரும்பும்போது ஒண்ணரை விரல். பாரத்தோட வண்டி, வெறும் வண்டி. கழிச்சா முந்நூறு கிலோ."

"முந்நூறு கிலோ எருமையாவும் இருக்கலாமே?" இது ஹாரன்.

"இருக்கலாம். ஆனா தெப்பம் எப்படி ஆடிச்சுன்னும் எழுதி வெச்சிருக்கேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துது. அப்புறம் ஒரு பக்கம் தொப்புன்னு அமுங்கிச்சு. மறுபடி சும்மா. மறுபடி தொப்பு. மாடு எருமைன்னா கால் மாத்திக்கிட்டே இருக்கும், எண்ணு நடுங்கும், தொப்புன்னு விழாது. பன்னின்னா முட்டிக்கிட்டே இருக்கும். ரெண்டு கால்ல எழுந்து நின்னு, அலுத்துப்போய் முன்னங்கால கீழ போடுற மிருகம்தான் அப்படி அமுக்கும். முந்நூறு கிலோவுல அப்படி எழுந்து நிக்கிறது எது? நீங்களே சொல்லுங்க."

"ஆனா அக்கா, நீங்க கண்ணால பார்க்கலையே! பார்க்காம எப்படிப் பழகினதாகும்?"

"கண்ணால பார்த்தாத்தான் தெரியும்னா எனக்கு எதுக்குய்யா சம்பளம்? இருபத்திரண்டு வருஷமா ஒரு தார்ப்பாய நான் அவுத்ததில்ல. உன் பஸ் இஞ்சினத் திறந்து பார்த்துட்டா தினமும் ஓட்டுற? சத்தத்த வெச்சுத்தானே?" டாக்டர் பக்கம் திரும்பினாள். "நீங்க எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளு. பழைய நோட்டுல இருக்கும். எடுங்க. கரடி இல்லன்னா நான் நீர்நாயாவே கதவ முட்டிச் சாகுறேன்."

டாக்டர் எழுந்து போய், பல் செட்டு மாதிரிகள் அடுக்கியிருந்த அலமாரிக்கு அடியிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்தார். மூன்றாவது நோட்டில் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாத்தனார் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. சத்தம் போட்டுப் படிக்காமல் நோட்டை அப்படியே அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

கூண்டு, ஆறு, கரடி என்று எழுதியிருந்தது.

"பழகினதாத்தான் ஆகுது," என்றார் டாக்டர். "மூணு ஞாயிறு, மேசையில ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும். கதவுல முள்ளு இருக்கு. கரடிக்கு முப்பத்துநாலு உயிர்ப் புள்ளி. ஒவ்வொரு தடவ முட்டித் தோத்தாலும் பன்னெண்டு போகும். எல்லாம் போச்சுன்னா நீங்க மனுஷியாத் திரும்பி அதே தண்ணியில விழுவீங்க. மனுஷிக்கு மிச்சம் ரெண்டே உயிர்தான். நல்லா யோசிச்சுட்டு மாறுங்க."

"மாறிட்டேன்," என்றாள் டன்னக்கா. அன்றைக்கு மேசையில் அவள் பேசின கடைசி வார்த்தை அதுதான்.

கரடியின் பலம் பகடையோடு பத்தைச் சேர்க்கும். எட்டு விழுந்தால் போதும். முதல் தடவை மூன்று விழுந்தது. தண்ணீர் வாள்காரியின் கழுத்துக்கு ஏறியது. கரடியிடம் இருபத்திரண்டு. இரண்டாம் தடவை ஆறு. தண்ணீர் மோவாயில். கரடியிடம் பத்து.

நாத்தனார் பகடையின் மேல் கையை வைத்து மூடினாள்.

"போதும் அண்ணி. இன்னொரு தடவ தோத்தா நீயும் போயிடுவ. நான் போறேன், விடு. எனக்குப் பழகிப்போச்சு."

டன்னக்கா வாயைத் திறந்தாள். ஹாரன் "அக்கா!" என்று கத்தினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது. பக்கத்து அறையில் பல் மிஷினுக்கு மேல் கட்டியிருந்த விளக்கே அதிர்ந்திருக்கும். கரடிக்கு விரல் மடங்காது என்று அவளுக்கு எங்கிருந்து தோன்றியதோ, மணிக்கட்டாலேயே நாத்தனாரின் கையை ஒதுக்கித் தள்ளினாள். பகடையைக் குலுக்கவில்லை, ஊதவில்லை. தராசுத் தட்டில் எடைக்கல்லை வைப்பதுபோல உள்ளங்கையால் உருட்டி விட்டாள்.

பதினொன்று.

கதவு கீலோடு பெயர்ந்து விழுந்ததாக டாக்டர் சொன்னார். அவர் சொன்னது பாதிதான் கேட்டது. ஹாரன் எழுந்து நின்று டிப்போவுக்குக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். நாத்தனார் அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. மூக்கை டன்னக்காவின் தோளிலேயே துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று ஞாயிறும் டன்னக்காவுக்குச் சாதாரணமாகப் போகவில்லை. வாய் முழுக்கப் பேச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரடிக்கு என்ன வேண்டும் என்று யாராவது சொல்லியாக வேண்டுமே, அந்த வேலை நாத்தனாரிடம் வந்து சேர்ந்தது. முதல் வாரம், "அண்ணி வேணாங்குறா," "அண்ணி சரிங்குறா," என்று இரண்டு வார்த்தை பேசினாள். அடுத்த வாரம் பாலத்துக் காவல்காரன் கரடியை விடமாட்டேன் என்றான். அவனோடு அரைமணி வாதாடினாள். காவல்காரனாகப் பேசின டாக்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாம் வாரம் ஹாரன் வேண்டுமென்றே சீண்டினார்.

"ஊர்ல பேசிக்கிறாங்க அக்கா, உங்க எடைமேடை தப்புத் தப்பா எடை போடுதாம்."

டன்னக்காவின் கழுத்து சிவந்தது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உறுமினாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இன்னும் இருபது நிமிஷம்தான் பாக்கி.

"யாரு சொன்னா?" நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள். "எங்க அண்ணி மேடையச் சொல்றவன் எவன்? உங்க பஸ்ஸ ஏத்துங்க, பார்ப்போம். படியில தொங்குறவங்க எத்தன பேருன்னு எங்க அண்ணி எண்ணாமலே சொல்லுவா. வாய் இருக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கறதா?"

ஹாரன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். டன்னக்கா மேசையை விட்டாள்.

மணி அடித்ததும் மூன்று வாரத்துப் பேச்சையும் மொத்தமாக ஹாரன் தலையில் கொட்டினாள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

புதன்கிழமை மதியம் எடைமேடையில் வண்டி இல்லாத நேரம். டன்னக்கா டீயை ஊதிக்கொண்டிருந்தாள். எதிரே எண் ஓடுவது தெரிந்தது. பூஜ்யம், அறுபது, எழுபது, மறுபடி அறுபது. நிமிர்ந்து பார்த்தாள். இரும்புப் பலகையின் நட்டநடுவில் நாத்தனார் நின்றிருந்தாள். இடுப்பில் காலர் மூட்டை. கம்பெனி ஆள் வரவில்லையாம், தானே கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டிருக்கிறாள். மூன்று தெரு தாண்டி, சிக்னல் தாண்டி, தனியாக.

வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவள், கால் சுட்டதாலோ என்னவோ, இந்தக் காலையும் அந்தக் காலையும் மாற்றி மாற்றி வைத்தாள். எண் நிற்கவே இல்லை. டன்னக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போனது. பிறகு மைக்கை இழுத்தாள்.

"கால மாத்தி மாத்தி நிக்காதடி. பின்னால ஜல்லி லாரி வந்து நிக்குது, இறங்கு!"